தங்கமணி வாங்கிய வெற்றிலை

ரெங்கசாமி கண்டிராக்டர் சும்மா வருகிற மனுஷன் இல்லை. வந்தால் ஒரு கையில் குடை இருக்கும், வாயில் யார் மேலாவது ஒரு குற்றம் இருக்கும். அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு ஆள் பித்தளைத் தாம்பாளத்தை ஏந்தி வர, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி தன்னுடைய ஏழு வீட்டு வரிசைக்கு வந்து நின்றார். பார்த்த மாத்திரத்தில் தங்கமணிக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லையே! தட்டியிருந்தால் இவ்வளவு பாடு ஏது?

அந்த வரிசை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருந்தது. முதல் வீடு தங்கமணியுடையது. உடையது என்றால் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள், வாடகைதான். வீட்டு முகப்பில், காக்கி லீமா என்று எல்லாரும் சொல்லும் ஐந்தடி நடைபாதையில், ஆட்டுக்குட்டி படுத்துத் தூங்கலாம் போலப் பெரிய அம்மிக்கல் ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். விடிந்ததும் உட்கார்ந்தாளானால் மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் என்று தனித்தனியாக அரைத்து உருட்டி வைத்துவிடுவாள். மீன் குழம்புக்கு ஒரு பக்குவம், கோழிக்கு ஒரு பக்குவம். வந்து நிற்கிற பெண்கள் என்ன குழம்பு, எத்தனை பேருக்கு என்று சொன்னால் போதும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி வாழையிலைத் துண்டில் வைத்து மடித்துக் கொடுப்பாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதி வீட்டுக் குழம்பு அவள் கை மணம்தான்.

அவள் புருஷன் பக்கிரிசாமி ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிப்பவன். ஆள் வாட்டசாட்டம், பேச்சு மட்டும் கொஞ்சம். இரண்டு பேரும் டெங்கில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் பால் மரம் வெட்டிவிட்டு, உடம்பில் தெம்பு இருக்கும்போதே பட்டணத்துக்கு வந்துவிட வேண்டும் என்று வந்தவர்கள். "அந்தக் கூலி லயத்துக்கு இனிமே என் பொணம்கூடப் போகாது" என்று தங்கமணி அடிக்கடி சொல்வாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள்தான், ஆனால் இதை மட்டும் உண்மையாகவே சொன்னாள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

"தங்கமணி, நல்லாயிருக்கியா?" என்றார் ரெங்கசாமி.

"இருக்கேன் அண்ணே. வாங்க, உக்காருங்க."

"உக்கார நேரமில்லே. இந்தா, பிடி" என்று தாம்பாளத்திலிருந்து வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் எடுத்து நீட்டினார்.

வெள்ளிக்கிழமை. வாசலுக்கு வந்து மங்கலமாக நீட்டுகிறார். தங்கமணி மிளகாய்க் கையை அவசர அவசரமாகக் கழுவி, முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிளகாய் எரிச்சலில் கண் கலங்கியது வேறு விஷயம். பேத்திக்குக் காது குத்தாக இருக்கும், இல்லை மகனுக்குப் பெண் பேசியிருப்பார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். "என்ன விசேஷம் அண்ணே?" என்று வாயைத் திறப்பதற்குள் அவர் இரண்டாம் வீட்டுக்குப் போய்விட்டார். முதல் வீட்டில் வாங்கினதைப் பார்த்து இரண்டாம் வீட்டில் மகதலேனா வாங்கினாள். அவள் வாங்கினதைப் பார்த்து மூன்றாம் வீடு. இப்படியே ஏழு வீடும்.

கடைசி வீட்டில் கொடுத்து முடித்த பிறகுதான் மனுஷன் நடுத்தெருவில் வந்து நின்று குடையைத் தட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. வர்ற மாசத்திலேருந்து வாடகை இருபது வெள்ளி. வெத்திலை வாங்கிட்டீங்க. பேச்சு முடிஞ்சுது."

அதுவரைக்கும் வாடகை எட்டு வெள்ளி; மலாயாவில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். எட்டு எங்கே, இருபது எங்கே!  தங்கமணிக்கு வாழைப்பழத்தைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, கையில் வைத்திருக்கவும் பிடிக்கவில்லை.

ரெங்கசாமி லேசுப்பட்டவர் இல்லை. செங்கல் கண்டிராக்ட் எடுப்பதற்கு முன்னால் அவர் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி. ஊரில் போய் ஒருவனுக்கு வெற்றிலையும் முன்பணமும் கொடுத்துவிட்டால் அவன் கப்பல் ஏறியே தீர வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த வித்தை. வாங்கினவனுக்கு அழுகை வந்தாலும் வருவான், ஓட மாட்டான். ஏனென்றால் நாலு பேருக்கு முன்னால் வெற்றிலையைக் கையில் வாங்கியாகிவிட்டது. பக்கிரிசாமியும் அப்படி வந்தவன்தான். வேறு ஒரு கங்காணி, அதே வெற்றிலை.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்தவன் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"ஏன் புள்ள வாங்கினே?"

"ஏன் வாங்கினேன்னா? நீட்டினாரு, வாங்கினேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல வந்து நிக்கிறவரை வேணாம்னு சொல்லச் சொல்றீங்களா?"

"வாங்கினது வாங்கினதுதான்" என்றான் அவன். "கை நீட்டி வாங்கிட்டு மாத்திப் பேசக்கூடாது."

"அப்ப இருபது வெள்ளிக்கு எங்கே போறது? என் அம்மியை வித்தாலும் வராது!"

 அதற்குப் பதில் இரண்டு பேருக்கும் தெரியும். உலகச் சண்டை முடிந்தும் அரிசி விலை இறங்கவில்லை. அவன் சம்பளமும் அவள் மசாலைக் காசும் சேர்ந்து எட்டு வெள்ளி வாடகைக்கே முக்கி முனகித்தான் ஈடு கொடுத்தன. இருபது என்றால் மறுபடியும் டெங்கில் தோட்டம்தான், மறுபடியும் அந்த லயம்தான். தங்கமணி அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு அழுகிறவள் அன்றைக்குச் சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு மகதலேனா மசாலை வாங்க வந்தாள். அவள் புருஷன் கபிரியேல் கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். நல்ல பெண், மாதா கோயிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவளே அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் உங்களைப் பாத்துத்தான் வாங்கினேன். எங்களுக்கு அந்த வழக்கம்கூட இல்லே. மரியாதைக்கு வாங்கினேன். இப்ப அவரு என்னைப் பிடிச்சுத் திட்டுறாரு."

அந்த ஒரு வார்த்தை தங்கமணியைக் குத்தியது. தன் வீடு போனால் போகட்டும், தன்னைப் பார்த்து வாங்கின ஆறு வீடு என்ன பாவம் செய்தது? குழவியைப் பிடித்து இழுத்த இழுப்பில் மல்லி கூழாகிவிட்டது. இலையில் கட்டிக் கொடுக்கும்போது மகதலேனாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

எதிர்ச்சாரியில் கட்டை மிதியடி செய்கிற சீனக்காரன் ஆ லியோங் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பத்து வருஷமாகத் தமிழர்களுக்கு மிதியடி விற்றுத் தமிழ் படித்த ஆள். உளியைக் கையில் வைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி வந்தான்.

"தங்காச்சி, தாக்கூட் வேணாம் லா. பயம் என்னாத்துக்கு? என் வீட்டுக்காரன் தவுக்கேகூடப் போன வருசம் டபுள் கேட்டான். நான் போர்டுக்குப் போனேன். போர்டு சொல்லிச்சு, இவ்ளோ கேக்கக் கூடாது. முடிஞ்சு."

"எந்த போர்டு?"

"வாடகை போர்டு லா! கவர்மெண்டு வெச்சிருக்கு. வீட்டுக்காரன் அவன் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. கேஸ் இருக்கும்போது சாமானைத் தூக்கி வெளியே போடவும் முடியாது. ஆனா நீ பழைய வாடகை மட்டும் மாசா மாசம் கொண்டுபோய்க் குடுக்கணும். அவன் வாங்கலைன்னா வேணாம், நீ குடுத்தியா, அது போதும். நிறுத்திடாதே."

தங்கமணி வாயைப் பிளந்தாள். வாடகை என்பது வீட்டுக்காரன் வாயில் இருந்து வருகிற தொகை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதைக் கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கிறதாமே! அதுவும் தெருவுக்கு எதிரே ஒருத்தன் போய் ஜெயித்து வந்திருக்கிறான், இவளுக்குத் தெரியவே தெரியாது.

"ஆனா நான் வெத்திலை வாங்கிட்டேனே" என்றாள்.

ஆ லியோங் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இலைதானே?" என்றான். அவனுக்கு எப்படிப் புரியும்?

கபிரியேல் உட்கார்ந்து வாடகை போர்டுக்கு இங்கிலீஷில் மனு எழுதினான். ஏழு வீட்டுக்காரர்களும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். பக்கிரிசாமி மட்டும் வெகு நேரம் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தான். வைத்தவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"கோர்ட்டு கச்சேரியிலே போய் வாங்கலைன்னு மட்டும் பொய் சொல்லிடாதே புள்ள. கேட்டா, வாங்கினேன்னு சொல்லு. அப்புறம் நாமளும் ஒரு வெத்திலையை வெச்சு அவருக்கே திருப்பிக் குடுத்துடு. அப்பத்தான் என் மனசு ஆறும்."

மாதம் பிறந்ததும் தங்கமணி எட்டு வெள்ளியை எடுத்துக்கொண்டு ரெங்கசாமியின் வீட்டுக்கு நடந்தாள். அவர் பார்க்கவே மாட்டேன் என்றார். அவள் கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்து ஊறுகாய் ஜாடிக்குள் பத்திரமாக வைத்தாள். அடுத்த மாதமும் அப்படித்தான். ஏழு வீட்டாரும் வரிசையாகப் போவார்கள், வரிசையாகத் திரும்புவார்கள். தெருவில் இருந்தவர்களுக்கு அது நல்ல வேடிக்கையாகிவிட்டது.

இரண்டாவது மாதத்தில் ரெங்கசாமி நாலு ஆட்களை அனுப்பினார். நடைபாதையில் கல் கிடக்கிறதாம், தூக்கிப்போட வேண்டுமாம். தங்கமணி எழுந்திருக்கவே இல்லை.

"தூக்குங்கப்பா, தாராளமாத் தூக்குங்க. நான் பாட்டுக்கு அரைச்சுக்கிட்டு இருக்கேன்" என்று காய்ந்த மிளகாயை இரண்டு கை நிறைய அள்ளிக் கல்லில் போட்டு இழுக்க ஆரம்பித்தாள்.

குனிந்த நாலு பேரும் தும்மினார்கள். ஒருவன் கண்ணைக் கசக்கினான். கசக்கின கையிலும் மிளகாய். அவன் போட்ட கூச்சலில் ரயில்வே கேட்டில் நின்ற மாட்டு வண்டிக்காரன்கூட ஓடி வந்தான். கடைசியில் தங்கமணிதான் குடத்துத் தண்ணீர் கொண்டுவந்து அவன் கண்ணைக் கழுவிவிட்டு, "போய் உங்க கண்டிராக்டர்கிட்ட சொல்லு, கல்லு ரொம்பக் கனம்னு" என்று அனுப்பி வைத்தாள். வீறாப்பாகத்தான் சொன்னாள். அவர்கள் போன பிறகு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

விசாரணை நாள் வந்தது. ஏழு வீட்டாரும் கோலாலம்பூர் கச்சேரிக்கு நடந்தே போனார்கள். பக்கிரிசாமி பட்டறையில் ஒரு நாள் லீவு எடுத்திருந்தான். தங்கமணி தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த சின்னப் பித்தளைத் தட்டைப் புளி போட்டு விளக்கி, அதில் கொழுந்து வெற்றிலை, கொட்டைப் பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்துத் துணியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுத்துவிட்டு மனசைக் கழுவிக்கொண்டு பேச வேண்டும், அவ்வளவுதான் அவள் திட்டம். வழியெல்லாம் மகதலேனா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். தங்கமணி பத்துமலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். யார் காதில் விழுந்தாலும் சரி என்று இருந்தது இருவருக்கும்.

கச்சேரித் தாழ்வாரத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். கொஞ்ச தூரத்தில் ரெங்கசாமி தன் வக்கீல் குமாஸ்தாவோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பக்கமாகப் போன தெரிந்தவர் ஒருவர் நின்று, வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து அவர் பக்கம் நீட்டினார். ரெங்கசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேச்சு நிற்கவில்லை. கை மட்டும் தானாகப் போய் ஒரு வெற்றிலையை எடுத்தது, தொடையில் தேய்த்தது, நரம்பைக் கிழித்தது, மடித்து வாயில் வைத்தது. கொடுத்தவர் போயே போய்விட்டார். யார் கொடுத்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

தங்கமணி இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இடுப்பில் இருந்த தட்டைப் பார்த்தாள். முருகனைக் கூப்பிடுவது பாதியில் நின்றது.

"என்னக்கா?" என்றாள் மகதலேனா.

"ஒண்ணுமில்லே. நீ உருட்டுறதை நிறுத்தாதே" என்றாள் தங்கமணி.

உள்ளே கூப்பிட்டார்கள். மேடையில் மூன்று பேர். நடுவில் நரைத்த மீசை வெள்ளைக்காரத் துரை, ஒரு பக்கம் இன்னொரு துரை, மறுபக்கம் மூக்குக் கண்ணாடி போட்ட சீனத் தவுக்கே, பெரிய வியாபாரி. கீழே தமிழையும் இங்கிலீஷையும் மாற்றிச் சொல்ல டொமினிக் என்கிற துபாசி. மூலையில் ஒரு ஆள் கயிறு இழுக்க, தலைக்கு மேலே பெரிய விசிறித் துணி ஆடிக்கொண்டிருந்தது.

ரெங்கசாமி முதலில் பேசினார். சுண்ணாம்பு விலை, மரத்து விலை, முனிசிபாலிட்டி வரி எல்லாவற்றையும் சொல்லி ஒப்பாரி வைத்தார். ஓடு ஒழுகுவதைச் சீர்செய்யாமல் மூன்று மழைக்காலம் ஓட்டினதை மட்டும் சொல்லவில்லை. முடிக்கும்போது மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"இதெல்லாம் எதுக்குத் துரை? ஏழு வீட்டுக்காரங்களும் சம்மதிச்சிட்டாங்க. என் கையாலே வெத்திலை வாங்கிட்டாங்க."

டொமினிக் அதைச் சொன்னார். துரைக்குப் புரியவில்லை. டொமினிக் மறுபடி விளக்கிச் சொன்னார். துரை புருவத்தைத் தூக்கி, அது கையெழுத்துப் போடுகிற மாதிரியா என்று கேட்டார்.

"கையெழுத்தாவது ஒண்ணாவது!" என்றார் ரெங்கசாமி. "அதைவிடப் பெரிசு. எங்க சனத்துலே வெத்திலையைக் கையிலே வாங்கிட்டா அப்பீலே கிடையாது. அந்தப் பொம்பளையையே கேளுங்க, இல்லேன்னு சொல்லட்டும் பார்ப்போம்."

துரை தங்கமணியைப் பார்த்தார். "வெற்றிலை வாங்கினாயா என்று கேட்கிறார்" என்றார் டொமினிக்.

பக்கிரிசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாங்கினேங்க" என்றாள் தங்கமணி.

பின்னால் ஆறு வீட்டாரும் 'ஐயோ' என்றார்கள். கபிரியேல் நெற்றியில் அடித்துக்கொண்டான். ரெங்கசாமியின் முகம் மலர்ந்தது. துரை பேனாவை எடுத்தார்.

"துரை, ஒரு நிமிசம்" என்றாள் தங்கமணி.  "என் புருசன் கண்டிராக்டர் ஐயாவுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லியிருக்காரு. குடுத்துட்டு வந்து பேசுறேன்."

துரை தலையசைத்தார். அவள் தட்டின் மேலிருந்த துணியை எடுத்தாள். நேரே நடந்து ரெங்கசாமியின் முன்னால் போய் நின்று, வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, வாங்கிக்குங்க."

மஞ்சள் பூசின முகம், நெற்றி நிறையக் குங்குமம், கையில் கொழுந்து வெற்றிலை. அத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? ரெங்கசாமி அங்கவஸ்திரத்தை ஒதுக்கிக்கொண்டு வலது கையை நீட்டினார். வாங்கினார். வாங்கியதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் செய்தார்.

தங்கமணி ஒரு அடி பின்னால் வந்தாள்.

"வாடகை பழையபடி எட்டு வெள்ளிதான். வெத்திலை வாங்கிட்டீங்க. பேச்சு முடிஞ்சுது."

 முதலில் சிரித்தது அந்த விசிறிக் கயிறு இழுக்கிற ஆள்தான். அவனுக்குப் பிறகு ஏழு வீடும் சிரித்தது. துரை மேசையைத் தட்ட வேண்டியதாயிற்று.

ரெங்கசாமியின் முகம் கறுத்தது, சிவந்தது. கையில் இருந்த வெற்றிலையைப் பார்த்தார். போடவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அந்தக் கஷ்டம் எப்படி இருக்கும் என்று தங்கமணிக்கு நன்றாகத் தெரியும்.

"இது என்ன அநியாயம்!" என்று கத்தினார். "மஞ்சளும் குங்குமமுமா ஒருத்தி வெத்திலையை நீட்டினா வாங்காம எப்படி இருக்கிறது? எதுக்குன்னு சொன்னியா நீ? சொல்லாம நீட்டினே, மரியாதைக்கு வாங்கினேன். வாங்கினதெல்லாம் சம்மதம்னு ஆயிடுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டார். ஆனால் டொமினிக் அதற்குள் எழுந்து நின்று, ஒரு வார்த்தை விடாமல், நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவர் உதட்டோரம் துடித்தது.

துரை மீசையைத் தடவிக்கொண்டார். சீனத் தவுக்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துரை சொன்னதை டொமினிக் தமிழில் சொன்னார்: "அந்த அம்மா சொல்வதும் அதையேதான் என்று துரை நினைக்கிறார்."

தங்கமணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்தத் தடவை மிளகாய் இல்லை.

அதற்குப் பிறகு வெற்றிலைப் பேச்சே எழவில்லை. வீடு எப்படி இருக்கிறது, ஓடு ஒழுகுகிறதா, பக்கத்துத் தெருவில் என்ன வாடகை, கேஸ் நடக்கும்போது வாடகை கொண்டுபோய்க் கொடுத்தார்களா என்று துரை ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்கமணி ஊறுகாய் ஜாடிக் கதையைச் சொன்னாள். ரெங்கசாமி அதை மறுக்கவில்லை, மறுக்கத் தெம்பும் இல்லை. கடைசியில் போர்டு முடிவு சொன்னது. வாடகை பத்து வெள்ளி. மழைக்கு முன்னால் ஓட்டைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். போர்டைக் கேட்காமல் இதற்கு மேல் ஒரு காசும் ஏற்றக்கூடாது, ஒழுங்காகக் கொடுத்துவருகிற யாரையும் வெளியேற்றக்கூடாது.

பத்து வெள்ளி! இரண்டு வெள்ளிதானே கூட. கொஞ்சம் கூடுதலாக அரைத்தால் கட்டிவிடலாம். தங்கமணி அந்த இடத்திலேயே மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். அம்மி இருந்த இடத்திலேயே இருக்கும். டெங்கில் பஸ்ஸில் ஏற வேண்டாம். மகதலேனா கூட்டத்துக்கு நடுவில் வந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க வாங்கினதைப் பாத்து வாங்கினது நல்லதாப் போச்சு" என்றாள்.

"ஆமா, முகத்தைத் தூக்கினப்ப தெரியலையா அது?" என்றாள் தங்கமணி. இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் பக்கிரிசாமி தூணில் சாய்ந்து நின்றான். அவன் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கமணிக்குப் பயமாகிவிட்டது.

"என்னங்க, கோவமா? திருப்பிக் குடுக்கச் சொன்னீங்க, நான் வேற மாதிரி பண்ணிட்டேன்னா?"

"அதில்லே புள்ள" என்றான்.  "ஊருலே கங்காணி எங்கிட்ட வெத்திலை குடுத்தப்பவும் எதுக்குன்னு சொல்லலே. வாங்கின அப்புறம்தான் சொன்னான். எங்கம்மா போகாதேடான்னு அழுதா. கை நீட்டி வாங்கிட்டேனேம்மான்னுட்டு வந்துட்டேன். அந்தத் தோட்டத்துலே எத்தனை வருசம் கிடந்தேன்... அதுவும் வெறும் இலைதானா?"

"இலைதாங்க" என்றாள் தங்கமணி மெதுவாக. "வெறும் இலைதான்."

பக்கிரிசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது சம்மட்டியைக் கீழே வைத்த ஆள் மாதிரி இருந்தான்.

அந்த நேரம் ரெங்கசாமி வெளியே வந்தார். வெற்றிலை இன்னும் கையிலேயே இருந்தது. இவர்களைப் பார்த்ததும் நின்றார். ஏதோ பெரிதாகத் திட்டப் போகிறார் என்று தங்கமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். அவர் வெற்றிலையையும் பார்த்தார், பக்கிரிசாமியையும் பார்த்தார்.

"சுண்ணாம்பு இருக்கா?" என்றார்.

பக்கிரிசாமி மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தான். அவர் தடவி, மடித்து, வாயில் அடக்கிக்கொண்டு, படி இறங்கிப் போனார்.

மழைக்கு முன்னால் ஓடு மாற்றும் வேலை நடந்தது. ரெங்கசாமியே குடையோடு வந்து நின்று வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தார். மாதம் பிறந்திருந்தது. தங்கமணி பத்து வெள்ளியை எண்ணிக் கொடுத்தாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தாள். அதே பித்தளைத் தட்டு, அதே கொழுந்து வெற்றிலை.

"அண்ணே, வாங்கிக்குங்க."

ரெங்கசாமியின் கை பாதி தூரம் வந்துவிட்டது. வந்த கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வேலையாட்கள் ஓட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எதிர்ச்சாரியில் ஆ லியோங் உளியைக் கீழே வைத்தான்.

"முதல்ல எதுக்குன்னு சொல்லு" என்றார் ரெங்கசாமி.